செருப்பில் ஒட்டிய மழை

நேற்று சாயங்காலம் கோவில்பட்டியில் ஒரு சந்து வழியாகப் போனேன். கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சும் வாசனை வந்தது. உடனே எனக்கு பிரசண்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். நான் இங்கிலீஷ் படிக்கப் போன மாடி அறைக்குக் கீழே ஒரு மிட்டாய்க் கடை இருந்தது. இலக்கணம் மண்டையில் ஏறியதோ இல்லையோ, வெல்ல வாசனை நன்றாக ஏறியது.

அப்போதுதான் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் சேர்ந்திருந்தேன். "போன்ல இங்கிலீஷ் பேசப் பழகிக்கிடுங்கம்மா. இல்லன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்று முதலாளி அண்ணாச்சி தன்மையாகத்தான் சொன்னார். அப்பா படுக்கையில் கிடந்தார். வீட்டுக்கு என் சம்பளம் ஒன்றுதான். அந்த வாரமே மாடி அறை வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பில் மற்றதையெல்லாம் எப்படியோ ஒப்பேற்றினேன். இந்த டென்ஸ் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. 'இட் ரெய்ன்ட்' என்றாலும் மழை பெய்ததுதான், 'இட் ஹேஸ் ரெய்ன்ட்' என்றாலும் பெய்ததுதான். பெய்து ஓய்ந்த மழைக்கு எதற்கு இரண்டு வாக்கியம்? சார் பலகையில் கோடு கோடாகப் போட்டு விளக்குவார். நான் தலையாட்டுவேன். அதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

என் பக்கத்தில் உட்காருகிறவள் மாரியம்மாள். என் வயதுதான், விளாத்திகுளம் பக்கம் ஆடு வளர்க்கும் வீட்டுப் பெண். ஒருநாள் தொம்தொம்மென்று படியேறி வந்தாள். செருப்பில் கரிசல் மண் அப்பி, ஒவ்வொரு காலும் செங்கல் கனம்.

"பஸ்ல அத்தன பேரும் என் காலத்தான் பாக்காவ. 'உங்க ஊர்ல நல்லாப் பெஞ்சிருக்கு போல'ன்னு ஒரே விசாரிப்பு. எப்பப் பெஞ்சுதுன்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள். மண்ணைச் சுரண்டிக்கொண்டே, "ஏட்டி, இதுதான் அந்த ஹேஸ். மழ நின்னுபோச்சு, மண்ணு இன்னும் கால்ல கெடக்குல்லா?" என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. வானம் பார்த்த பூமியில் மழை எந்தக் கிழமை பெய்தது என்று யார் கேட்கிறார்கள்? ஈரம் இருக்கிறதா, விதைக்கலாமா, அதுதானே பேச்சு.

அந்த ஐப்பசியில் அடைமழை. குச்சி காயவில்லை, சரக்கு போகவில்லை. வெளிநாட்டுக்காரர் போனில் கொதித்தார். அண்ணாச்சி ரிசீவரை என் கையில் திணித்துவிட்டார். மாரியம்மாளின் செருப்பை நினைத்துக்கொண்டு, "இட் ஹேஸ் ரெய்ன்ட், சார். ஸ்டிக்ஸ் ஆர் ஸ்டில் வெட்" என்றேன். சரி, காய்ந்ததும் அனுப்பு என்று சொல்லிவிட்டார் அவர்.

"பேசிட்டீகளே!" என்றார் அண்ணாச்சி. வேலை நிலைத்தது. அப்பாவுக்கு மருந்து தடைப்படவில்லை. மாரியம்மாளிடம் நன்றி சொன்னபோது, "எனக்கு எதுக்குட்டி? கரிசலுக்குச் சொல்லு" என்று சிரித்தாள். இரண்டு பேருக்கும் இன்றைக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாடி அறையும் மிட்டாய்க் கடையும் போய் அங்கே செல்போன் கடை வந்துவிட்டது. மாரியம்மாள் கல்யாணமாகி சூரத் போனாள். கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள் நம்பர் மாறிவிட்டது.

போன வாரம் விளாத்திகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன். முந்தின நாள் அந்தப் பக்கம் நல்ல மழை என்று போனில் பார்த்திருந்தேன். வழியில் ஏறிய ஒவ்வொருவர் காலையும் பார்த்தேன். ஊருக்கு ஊர் சிமெண்ட் ரோடு போட்டுவிட்டார்கள், நல்லதுதான். எல்லார் செருப்பும் சுத்தமாக இருந்தது. மாரியம்மாள் ஊர் நிறுத்தத்தில் ஏறிய பெண்ணிடம் அவளைப் பற்றி விசாரிக்க வேண்டும்போல இருந்தது. எதை வைத்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.