ரங்கூன்காரர் கட்டிய தொட்டி

சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் கரையில், வாழைத்தோட்டத்தை ஒட்டி ஒரு பாப்டிஸ்ட் கோயில் உண்டு. கோயில் என்று யாராவது சொன்னால்தான் கோயில். கோபுரம் கிடையாது, மணிக்கூண்டு கிடையாது. நாலு சுண்ணாம்புச் சுவர், மேலே நாட்டு ஓடு, அவ்வளவுதான். ரங்கூனில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் கட்டியதாம். உத்தரம் முதல் தரைப் பலகை வரை அங்கிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த தேக்கு. எங்கள் ஊர்க் கோயிலின் மணிக்கூண்டு உயரத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த எனக்கு அது நெல் குடோன் மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் அதற்குள் ஒரு தொட்டி ஒளிந்திருக்கிறது என்று அண்ணன் சொன்னானே, அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அண்ணன் என்னைவிடப் பதினாறு வயது மூத்தவன். அவனுக்குப் பெண் முடிவானது அந்தச் சபைக் குடும்பத்தில். அண்ணியாக, எங்கள் பேச்சில் மைனியாக, வரப்போகிறவளின் அப்பா தங்கமான மனிதர்தான், ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் பிடித்த பிடியை விடமாட்டார். கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்ததெல்லாம் அவர்கள் சபையில் ஞானஸ்நானமே இல்லை. வளர்ந்தபின் தானாக விரும்பித் தண்ணீரில் முழுகி எழுந்தவனுக்குத்தான் பெண். அண்ணன் சரி என்றுவிட்டான். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"அடமழையில கைப்புள்ளய துணியில பொதிஞ்சு தூக்கிட்டுப் போயி ஞானஸ்நானம் கொடுத்தேன். அது என்ன, தண்ணி இல்லையோ?" என்று அம்மாவிடம் கேட்டார். அந்தக் கோயில் படியை மிதிக்கவே மாட்டேன் என்றும் சொன்னார். அம்மா கல்யாண முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை எங்கள் ஊர்க் கோயிலில் கல்யாணம். முந்தின நாள் காலை ஆற்றில் முழுக்கு என்று ஏற்பாடு. ஐப்பசி மழை அந்த வாரம் பார்த்து வெளுத்துக் கட்டியது. தாமிரபரணி இரண்டு கரையையும் முட்டிக்கொண்டு ஓடியது. அப்போதுதான் போதகருக்கு ரங்கூன்காரரின் தொட்டி ஞாபகம் வந்தது. பிரசங்க பீடத்துக்கு முன்னால், பலகைக்கு அடியில் இருந்தது அது. பக்கத்திலேயே ஆறு ஓடும்போது தொட்டி எதற்கு என்று பல வருஷமாக யாரும் அதைத் திறந்ததில்லை.

ஞாயிறு காலை அப்பாவும் கூடவே கிளம்பினார். "சின்னப்புள்ளய தனியா அனுப்ப முடியுமா?" என்றார். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். ஆனாலும் யாரும் அதை அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. கோயில் வந்ததும், எங்களை உள்ளே அனுப்பிவிட்டு, குடையோடு பின்பக்கத்துப் பள்ளத்தில் இருந்த வாழைத்தோட்டத்தில் போய் நின்றுகொண்டார்.

உள்ளே நாலு பேர் கடப்பாரை போட்டுப் பலகையை நெம்பினார்கள். முதலில் நாலைந்து தவளை துள்ளி வந்தன. பிறகு உடைந்த பெஞ்சுக் கால்கள், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் கட்டிய மூங்கில். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டபின் தெரிந்தது தொட்டி. அடடா! சுண்ணாம்புப் பூச்சு முட்டை ஓடு மாதிரி வழவழவென்று மின்னியது. ஒரு பக்கம் இறங்கப் படி, எதிர்ப்பக்கம் ஏறப் படி. நான் கத்திய கத்தலில் போதகரே சிரித்துவிட்டார். பம்புசெட்டிலிருந்து ஜன்னல் வழியாகக் குழாய் வந்தது. தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறி அண்ணனின் இடுப்பளவுக்கு வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. அதோடு போனால் பரவாயில்லை. ஏறிய தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தது.

"அரைகுறையா முக்குனா அது முழுக்கு இல்ல, ஐயா," என்றார் மைனியின் அப்பா போதகரிடம். "கல்யாணத்தத் தள்ளிப் போட்டுருவோம்."

வெள்ளை வேட்டியோடு நின்ற அண்ணனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்கோ இந்தப் பெரிய செய்தியை அப்பாவிடம் முதலில் சொல்லிவிடவேண்டும். ஒரே ஓட்டமாகப் பின்பக்கம் ஓடினேன். கேட்டால் சந்தோஷப்படுவார் என்று வேறு நினைப்பு.

"யப்பா! தண்ணி நிக்க மாட்டேங்கு! கல்யாணம் நின்னுரும்!"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரின் அடியில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியை வடிப்பதற்காக ரங்கூன்காரர் வைத்த மடை. அதை அடைத்திருந்த கட்டை உளுத்து விழுந்து, தண்ணீர் வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அப்பா குடையைக் கீழே போட்டார். ஒரு துண்டு வாழைத்தண்டை ஒடித்து, தோள்துண்டைச் சுற்றி ஓட்டைக்குள் திணித்தார். தண்ணீர் அதை வெளியே தள்ளியது. மறுபடி திணித்து, வேட்டியை மடித்துக் கட்டி, குதிகாலால் அழுத்திக்கொண்டு சேற்றில் நின்றார்.

"ஏட்டி, உள்ள போ. நான் இங்கன நிக்கேம்னு யார்ட்டயும் சொல்லாத."

போனேன். தண்ணீர் அசையாமல் நின்றது. கர்த்தரின் கிருபை என்றார் போதகர். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எப்படியோ அடக்கிக்கொண்டேன். அண்ணன் முழங்காலை மடக்க, போதகர் அவனைப் பின்பக்கமாகச் சாய்த்து, தலை மறையும்வரை முக்கினார். எழுந்தான்! நான் கைதட்டினேன். பாட்டு முடியுமுன்னே மறுபடி ஓட்டம்.

"எந்திச்சிட்டானா?" என்று கேட்டார் அப்பா. மழையில் முழுக்க நனைந்திருந்தார்.

"எந்திச்சிட்டான்ப்பா! மூக்குல தண்ணி ஏறிட்டு!"

அப்பா காலை எடுத்தார். துண்டும் வாழைத்தண்டும் தெறித்து விழ, அண்ணன் முழுகிய தண்ணீர் மொத்தமும் அவர் பாதத்தின்மேல் கொட்டியது. நகராமல், கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வடியும்வரை நின்றார். காலில் ஒட்டிய சேற்றைத்தான் கழுவுகிறார் என்று நினைத்து, சீக்கிரம் வாங்கப்பா என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.