குஞ்சம்மாவின் கைப்பேச்சு

மலாயாவில், செலண்டார் பக்கத்துத் தெராத்தாய் ரப்பர்த் தோட்டத்தில் குஞ்சம்மாவைப் போல ஒரு வாயாடி கிடையாது. வாயைத் திறக்காமலே வாயாடுவாள் என்பதுதான் அவளிடம் விசேஷம்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம் போக, பத்து வருஷம் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் நின்றவள் அவள். உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாக உருட்டும் மெஷினடியில் வேலை. மெஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதற்காகப் பெண்பிள்ளைகள் பேசாமல் இருந்துவிடுவார்களா? கையாலேயே பேசினார்கள். முஷ்டியைச் சுற்றினால் மெஷின் ஓடட்டும். இரண்டு கையையும் குறுக்கே போட்டால் நிறுத்து. விரலுக்கு ஒன்று, முழங்கையைத் தொட்டால் பத்து. வயிற்றுக்கு முன்னால் பானை வரைந்தால் பெரிய துரை வருகிறார். துரையை முதலில் பார்த்தவள் பானை வரைய வேண்டும், அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் அடுத்தவளுக்குக் கடத்த வேண்டும். கடத்தாமல் விட்டவளுக்கு ஒரு வாரம் யாரும் வெற்றிலை தரமாட்டார்கள். ஊர் வம்பு முழுவதும் அந்தக் கைகளில்தான் ஓடியது.

ஐம்பத்தொன்றில் மெஷின் அவளுடைய ஆட்காட்டி விரலில் பாதியைப் பிடுங்கிக்கொண்டது. துரை அவளைப் பள்ளிக்கூடத்து ஆயாவாகப் போட்டார். கூட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவது. கம்யூனிஸ்டுக்காரர்களோடு சண்டை நடந்த அவசரகாலம் அது. லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் துப்பாக்கியோடு காவல். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரே கூடம்தான். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், நாலு வகுப்பு, ஒரே ஒரு சிவசாமி வாத்தியார்.

பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் முனியாயியின் மகள் ஜெயமணி அங்கே முதல் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். வயது எட்டு. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், கேட்டால் பதில் கிடையாது.

"இதுக்குச் சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதுறதும் ஒண்ணுதான்" என்பார் வாத்தியார். வாரத்துக்கு நாலு தரமாவது சொல்லியிருப்பார். இரண்டு வருஷமாகச் சொன்னதையே சொன்ன மனுஷருக்கு, அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

ஒருநாள் காலை கேட்டில் புதுச் சைரனைச் சோதித்துப் பார்த்தார்கள். கூடமே கிடுகிடுத்தது. பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் பாய்ந்தார்கள், வாத்தியாரும் மேசைக்கடியில் போய்விட்டார். ஜெயமணி மட்டும் நிம்மதியாகச் சிலேட்டில் சேவல் வரைந்துகொண்டிருந்தாள். வாலை முடித்துவிட்டு நிமிர்ந்தவள், எல்லோரும் கீழே கிடப்பதைப் பார்த்து ஏதோ விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தானும் குனிந்தாள். தண்ணீர்ப் பானையருகில் நின்ற குஞ்சம்மா நேரே வாத்தியாரிடம் போனாள்.

"ஐயா, அது மக்கு இல்ல. அதுக்குக் காது கேக்கல."

வாத்தியார் முழங்கால் தூசியைத் தட்டியபடி பிள்ளையைப் பார்த்தார். அன்றைக்கு அவர் பாடம் எதுவும் நடத்தவில்லை. மறுநாள் அவரே ஒரு முக்காலியைக் கொண்டுவந்து ஜெயமணி பக்கத்தில் போட்டார். "கூட்டுறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீ இங்க உக்காரு, குஞ்சம்மா."

அப்படித்தான் ஆரம்பித்தது. வாத்தியார் வாயால் சொல்வதைக் குஞ்சம்மா கையால் சொல்வாள். தெரியாத சொல்லுக்கு அங்கேயே ஒரு கை கண்டுபிடிப்பார்கள். ஸ்டோரில் யானைக்கு ஏது கை? தோளிலிருந்து ஒரு தும்பிக்கையைத் தொங்கவிட்டாள். ஜெயமணி, காய்ந்த மண் தண்ணீரைக் குடிப்பதுபோல எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் கூட்டல் கணக்கில் அவளை முந்த ஆளில்லை. முழு வகுப்பும் கைப்பேச்சைப் படித்துக்கொண்டு, வாத்தியார் முதுகுக்குப் பின்னால் அரட்டையடித்தது. குஞ்சம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் பத்து வருஷ வம்பு இப்படிப் படிப்பாகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஆனால் தலைக்குமேல் ஒரு கத்தி தொங்கியது. போன வருஷம் வந்த இன்ஸ்பெக்டர், "அடுத்த சோதனையிலும் தேறாவிட்டால் பேரை எடுத்துவிடவும்" என்று ஜெயமணிக்கு நேரே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். பேர் போனால் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைதான். ஏணைகளை ஆட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் புல்வெட்டு.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று குஞ்சம்மா பிள்ளைக்கு எண்ணெய் வழிய வழியத் தலைவாரிவிட்டாள். பத்து மணிக்கு வாசலில் ஜீப் நின்றது. இறங்கியவர் புதியவர், நல்ல கனம். கதவோரம் இருந்த ஜெயமணிதான் முதலில் பார்த்தாள். சட்டை, தொப்பி, முன்னால் ஒரு வயிறு. படித்த பாடம் வீண்போகவில்லை. இரண்டு கையாலும் அழகாகப் பானை வரைந்தாள். பக்கத்துப் பிள்ளை அதை வாங்கி அடுத்ததற்குக் கடத்தியது. இன்ஸ்பெக்டர் வாசற்படி ஏறும்போது முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அவரைப் பார்த்துப் பானை வரைந்துகொண்டிருந்தார்கள். அதைவிடக் கொடுமை, பத்து வருஷப் பழக்கம் விடுமா, குஞ்சம்மாவும் வரைந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். "இது என்னம்மா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வரவில்லை. "மன்னிக்கணும் ஐயா. அது உங்க வயிறு இல்ல, பெரிய துரை வயிறு" என்று ஆரம்பித்து, ஸ்டோர், மெஷின், சைரன், சேவல் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"பிள்ளையை நான் சோதிக்கணும். நீங்க பக்கத்துல இருந்தா நீங்க சொல்லிக் கொடுக்கறீங்களா, அது சொல்லுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எண்களுக்கு என்ன கைன்னு காட்டுங்க. ஓடட்டும், நிறுத்து, அதுவும் சொன்னீங்களே, அதையும் காட்டுங்க. அப்புறம் சுவரைப் பாத்து நில்லுங்க."

காட்டினாள். சுவரைப் பார்த்து நின்றாள்.

பின்னால் சத்தமே இல்லை. மனுஷர் முழங்கையை எத்தனை தரம் தொடுகிறாரோ, காட்டுகிற எண் நாற்பத்தேழா, முப்பத்தெட்டா, ஒன்றும் தெரியவில்லை. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற குஞ்சம்மா, என்ன நடக்கிறதென்று தெரியாமல் சுவரில் ஊரும் எறும்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பிள்ளை இரண்டு வருஷம் இப்படித்தானே உட்கார்ந்திருந்தது என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. சிலேட்டுக் குச்சி கீச்சிட்டது. நின்றது. மறுபடி கீச்சிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஐயா கை தப்பாப் போட்டுட்டாரு, ஜெயமணி திருத்துது" என்று சுப்பம்மாவின் குரல் கேட்டது. அவள் மூன்றாம் வகுப்பு.

"உஷ்" என்றார் வாத்தியார்.

ஐந்து கணக்குக்கான நேரம் போயிருக்கும். பேனா மூடியைத் திறக்கிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. தாளில் ஏதோ கிறுக்கினார். பேரை எடுக்கிறாரா, வைக்கிறாரா? குஞ்சம்மா மாரியம்மனை வாய்விட்டே கூப்பிட்டாள்.

"திரும்புங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

திரும்பினாள். அவர், நீயே சொல் என்பதுபோல ஜெயமணியைப் பார்த்துத் தலையசைத்தார். பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்த பிள்ளை குஞ்சம்மாவைப் பார்த்தது. பல்லெல்லாம் தெரிய முஷ்டியைத் தூக்கி, ஓடட்டும் என்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.