நேம்ஸ்பேஸ் இல்லாத பிள்ளைகள்

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. போர். கனடா வந்து பார்க்டேலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டே மாலை வகுப்பில் நிரல் எழுதப் பழகினேன். தொண்ணூற்றொன்பதில் அஜின்கோர்ட்டில் ஒரு சிறு கம்பனி என்னைச் சோதனைத் தவணைக்கு எடுத்தது. தவணை ஒரு வெள்ளிக்கிழமையோடு முடியும். பிறகு நிரந்தரம், அல்லது மறுபடியும் கோப்பை.

நிரலுக்குள், சாமான் கேட்டு அனுப்புகிற ஓடர் ஓர் ஒப்ஜெக்ட். சாமான்கள் அதன் பிள்ளைகள். எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்பாக ஆக்கி, ஓடரைப் பெறுகிற கம்பனிக்கு அனுப்ப வேண்டும். எந்தச் சொல் எவருடையது என்று காட்டுவது நேம்ஸ்பேஸ். ஓடருக்கு அதைப் போட்டு அனுப்பினேன். பிழை என்று திரும்பி வந்தது.

திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையிலும் நேம்ஸ்பேஸ் வெறுமை என்று எழுதியிருந்தது. நான் எழுதவில்லை. எக்ஸ்எம்எல் ஆக்குகிற நிரல் தானாக எழுதியது.

ஊரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தகப்பன் பெயரைத் தனித்தனியாக முன்னால் போடுவோம். கனடாவில் இறங்கியதும் என் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி, என் பிள்ளைகளுக்கும் அதையே போட்டுவிட்டார்கள். இங்கே தலைக்குப் போட்டால் வாலுக்கும் வரும் என்று நம்பிவிட்டேன். நிரலோ எங்கள் ஊர்க்காரன் மாதிரி. பிள்ளைக்குப் போடாவிட்டால் இவனுக்கு ஒருவரும் இல்லை என்று எழுதிவிடும்.

என் வேலையை மேற்பார்த்தவர் சென்னைக்காரி, என்னைவிட இளையவர். வியாழன் மத்தியானம் வந்து நின்றார்.

"காலியா இருக்கிற நேம்ஸ்பேஸ் எல்லாத்தையும் தேடி அழிச்சிட்டு அனுப்புங்கண்ணா. அஞ்சு நிமிஷ வேலை."

"சாமான் ஏத்துற லொறிக்காரன்ர விலாசமும் உதுக்குள்ள கிடக்கு. அவன் வெளியாள், அதுக்கு உண்மையாவே நேம்ஸ்பேஸ் இல்லை. அழிச்சா அதுவும் ஓடரின்ர பிள்ளையாப் போயிடும்."

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் நான் இருக்கமாட்டன், தங்கச்சி."

"அதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு வெள்ளி."

"அழிக்கமாட்டன். எனக்குக் கோப்பை கழுவத் தெரியும்."

"எங்க வீட்டு சிங்க்லயும் நிறையக் கிடக்கு. வாங்க."

அவர் போய்விட்டார். நான் ஒவ்வொரு பிள்ளையும் உருவாகிற இடத்துக்குப் போய் நேம்ஸ்பேஸைப் போட்டேன். லொறிக்காரனின் விலாசத்தைத் தொடவில்லை. அன்று முடியவில்லை. மறுநாளும் இழுத்தது. முதலாளி இரண்டு தரம் வந்து பார்த்தார். நான் நிமிரவில்லை.

வெள்ளி பின்னேரம் அனுப்பினேன். திரும்பி வரவில்லை. திங்களும் வரச் சொன்னார்கள்.

"ரொம்ப ஸ்லோண்ணா நீங்க" என்றார் சென்னைக்காரி.

"ஓம், சுணக்கம்தான்" என்றேன். திங்கள் வந்து அடுத்த ஓடரையும் அப்படித்தான் செய்தேன், பிள்ளை பிள்ளையாக.