மூணாம் நம்பர் சேஃப்டி ஷூ

ரபியாவுக்குப் பாதம் சின்னது. அது ஒரு குறை என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை. சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பகுதியில் இருந்த லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் ஸ்டோர் ரூம் வாசலில் நின்றபோதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு முடித்தவர்கள் ஒரு வருஷம் வெளியே போய் வேலை பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது அவளுடைய பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு. அப்படி ஓர் இடத்தைப் பிடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. விண்ணப்பித்த கம்பெனிகளில் பாதி பதிலே போடவில்லை. ஒரு நேர்முகத்தில், “வெயில்ல நிப்பீங்களா?” என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து சிங்கப்பூரில் இருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது! கடைசியில் இந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது. கூடப் படிக்கும் வருணுக்கும் இங்கேயேதான் கிடைத்திருந்தது.

வேலை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் இருவரையும் கூப்பிட்டு சட்டை, ஹெல்மெட், ஷூ கொடுத்தார்கள். வருண் “எட்டு” என்றான். பெட்டி வந்தது. ரபியா “மூணு” என்றாள். ஸ்டோர்காரர் அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “ஆறுக்குக் கீழ இல்ல லா” என்று இழுத்தார்.

நிர்வாகத்தில் இருந்த ஜோலின், ரெண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்றாள். ரபியா போட்டுப் பார்த்தாள். கால் ஒரு பக்கம் போனது, ஷூ ஒரு பக்கம் போனது. பாதுகாப்பு அதிகாரி குமரன் அவள் நடப்பதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

“இதைப் போட்டுக்கிட்டு ஏணி ஏற முடியாதும்மா. உன்னை வேலைக்கு அனுப்ப நான் சைன் பண்ண மாட்டேன்.”

“அப்போ என் சைஸ் எப்ப சார் வரும்?”

“அது ஜோலின்தான் ஆர்டர் போடணும்.”

ஜோலினோ, சப்ளையர் ஒரு டஜனுக்குக் குறைந்து தரமாட்டார், ஒருத்திக்காக எப்படி ஆர்டர் போடுவது, நீயே எங்காவது வாங்கிக்கொண்டு பில்லைக் கொடு என்றாள். ஷூ இல்லாதவரை ஆபீசில் உட்கார வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ரபியா தன் உம்மா ஷபானாவைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். ஃபேரர் பார்க்கில் இருக்கும் வீட்டிலிருந்து சிராங்கூன் ரோட்டுக்கு நடந்தே வந்துவிட்டார்கள். லீவு நாள் என்பதால் வெளிநாட்டு ஊழியர் கூட்டம் நடைபாதையில் இடம் விடாமல் நின்றது. வேலைச் சட்டை, கையுறை, ஷூ எல்லாம் விற்கும் கடை ஒன்றில் கடைக்காரர் சிரித்த முகமாக வந்தார்.

“தம்பிக்காம்மா? எந்த சைட்ல வேலை?”

“எனக்குத்தான். சைஸ் மூணு.”

அவர் அவள் காலைப் பார்த்தார். “பொம்பளைப் பிள்ளைங்க சைஸ் வர்றதே இல்லம்மா. யாரும் கேக்கறதில்லையே.”

“நான்தான் இப்ப கேக்கறேனே!”

அடுத்த கடையில் சின்னப் பிள்ளைகளின் மழை பூட்ஸை எடுத்துக் காட்டினார்கள். அதற்கடுத்த கடையில் ஐந்து இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு உம்மா, “இதையே வாங்கிடேன்டி, முன்னாடி பஞ்சு வெச்சுக்கலாம்” என்றதுதான் தாமதம், ரபியாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“எல்லாருமே இதைத்தான் சொல்றீங்க! சாக்ஸ் போடு, பஞ்சு வை! வருணை யாராவது பஞ்சு வைக்கச் சொன்னாங்களா?”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உம்மா ஷூவை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். சிக்னலில் நின்றபோது மெதுவாக, “ஆபீஸ்லயே உக்காந்து பாக்கற வேலையா கேட்டிருக்கலாம். மேல ஏறி எங்கயாவது விழுந்து வெச்சா?” என்றார்.

“பெரிய ஷூவைப் போட்டாத்தான் உம்மா விழுவேன்.”

திங்கட்கிழமை வருண் வேனில் ஏறிக் களத்துக்குப் போனான். ரபியா குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, எந்த அடுக்குமாடி பிளாக்கில் எந்த லிஃப்ட் நின்றுபோனது என்று வந்த புகார்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மறுநாளும் அதே. பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டால், களத்தில் வேலை செய்யும் நாட்கள் மட்டும்தான் கணக்கில் வரும், கம்பெனியிடம் பேசிக்கொள் என்றார்கள். ஜோலினிடம் போனால், அது உன் பல்கலைக்கழகம் வைத்த விதி, அவர்களிடம் கேள் என்றாள். மாலையில் வருண் கை நிறைய கிரீஸோடு வந்து, “செம டயர்டுப்பா” என்றபோது அவளுக்கு அவன்மேலேயே கோபம் வந்தது. அவன் என்ன செய்வான், பாவம்.

வெள்ளிக்கிழமை அவள் ஒரே மின்னஞ்சலை ஜோலினுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினாள். குமரன் சாரையும் சேர்த்துக்கொண்டாள். கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. என் அளவில் ஷூ தரப்படவில்லை, அதனால் நான் களத்துக்குப் போகவில்லை, இந்த நாட்களை யார் கணக்கில் எழுதுவது என்று மட்டும் கேட்டாள். அனுப்பிவிட்டு, வேலையே போய்விடுமோ என்று சனி ஞாயிறு முழுக்கப் போனைத் திறந்து திறந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை ஜோலின் அவளைக் கூப்பிட்டாள். முகம் சரியில்லை. “என்கிட்ட முதல்ல பேசியிருக்கலாமே?”

“பேசினேனே. மூணு தடவை.”

ஆர்டர் போட்டாகிவிட்டது என்று மட்டும் ஜோலின் சொன்னாள். அந்த வாரக் கடைசியில் டஜன் ஜோடியும் வந்து இறங்கியது. “மிச்சத்தை யார் போடுவாங்களாம்?” என்று ஸ்டோர்காரர் முணுமுணுத்தார். ஆபீசில் போன நாட்களுக்குப் பதிலாக வருஷக் கடைசியில் விடுமுறையில் வந்து வேலை செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. ஜெயித்தோம் என்று அவளால் நினைக்க முடியவில்லை. தப்பு யாருடையதோ, விடுமுறை போனது அவளுக்கு.

அடுத்த திங்கட்கிழமை தோ பாயோவில் ஒரு பழைய பிளாக். குமரன் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மொட்டை மாடிக்குமேல் இருந்த மோட்டார் அறைக்குள் முதலில் ஏறிய வருண், ரெண்டு வார அனுபவசாலியின் தோரணையில் கீழே குனிந்து கத்தினான்.

“ரபியா, பயப்படாம வா! இங்க பாரு, இதுதான் பிரேக்.”

“தெரியும்,” என்றாள் ரபியா, ஏணியில் காலை வைத்தபடி. “நீ கொஞ்சம் நகரு.”