ரேடியோ வாயை மூடியது

அந்தத் தெருவில் சலூன்காரர் என்று கேட்டால் யோசிப்பார்கள். 'ரேடியோ' என்றால் சின்னக் குழந்தைகூடக் கடையைக் கைகாட்டும். அவருக்குக் கத்தரியும் வாயும் சேர்ந்தேதான் ஓடும். முடிவெட்ட ஆள் இல்லாத நாளிலும் கதை கேட்க நாலு பேர் பெஞ்சில் இருப்பார்கள். ஊர்க்கதை தீர்ந்தால் வீட்டுக்கதை. அதுதான் வினையாகப் போனது.

மகள் பதினொன்றாம் வகுப்பு. மார்க் குறைந்ததற்கு ஒரு லீவு நாள் காலையில் கத்தித் தீர்த்தார். "நான் இல்லன்னா நீங்கல்லாம் நிம்மதியா இருப்பீங்க" என்றாள். அதைக் காதில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். மதியம் கடையில், அவள் குரலிலேயே நடித்துக் காட்டினார். "வீட்டுலயே ஒரு கதாநாயகி. டிக்கெட் இல்லாம படம் பாக்குறேன்." பெஞ்சே குலுங்கியது. சிரிப்பு அடங்கிய பிறகுதான், சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். டப்பாவைப் பெஞ்சு ஓரத்தில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் கடைப்பக்கம் வரவில்லை. பேச்சு குறைந்தது, சாப்பாடு தட்டிலேயே கிடந்தது. உயிராக வைத்திருந்த ஹெட்ஃபோனையும் வண்ணப்பென்சில் பெட்டியையும் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள் என்று மனைவி கவலையோடு சொன்னாள். கவலைப்பட வேண்டிய மனிதருக்கு அதிலும் ஒரு கதைதான் கிடைத்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

"நம்ம வீட்டுல ஒரு வள்ளல் பொறந்திருக்கா. ஒவ்வொண்ணா தானம் பண்றா" என்றார் கடையில். நாற்காலியில் ஆம்புலன்ஸ் டிரைவர். தலையில் ஒரு பக்கம் வெட்டி முடிந்திருந்தது. பெஞ்சு சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, மிஷினை நிறுத்துங்க. பொண்ணு வேற ஏதாவது சொல்லுச்சா?"

ரேடியோ அந்த 'நான் இல்லன்னா' வசனத்தைச் சொன்னார். இந்தத் தடவை குரலை மாற்ற வரவில்லை.

"இது விளையாட்டு இல்லண்ணே" என்றார் டிரைவர், குரலைத் தாழ்த்தி. "வீட்டுக்குப் போய் நேராவே கேளுங்க. சாகணும்னு தோணுதான்னு."

"கேட்டா, இல்லாத நினைப்பை நானே கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?"

"ஆகாது. கேக்க ஒரு ஆள் இருக்குன்னுதான் அதுக்குத் தெரியும். திட்டாதீங்க, புத்தி சொல்லாதீங்க, சொல்றதைக் கேளுங்க. ஆமான்னு சொன்னா தனியா விடாம உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"உங்க தலை பாதியில நிக்குதே."

"தலை எங்கேயும் போயிடாது. நீங்க போங்க."

தோளில் கடைத் துண்டோடு தெருவில் இறங்கினார். எதிரே வந்தவர்களில் பாதிப்பேர் அவர் கடையில் உட்கார்ந்து மகள் வார்த்தைக்குச் சிரித்தவர்கள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா, உனக்குச் செத்துப்போகணும்னு தோணுதா?"

அவள் சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள்.

"ஆமா" என்றாள், திரும்பாமலே. பிறகு, "இதையும் கடையில நடிச்சுக் காட்டுவீங்களா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மாட்டேன் என்று சத்தியம் பண்ண வாயெடுத்தார். அந்த வாயின் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று அவருக்கே தெரிந்தது.

"நீ சொன்ன அன்னிக்கே கேட்டிருக்கணும். உன்னை வச்சு ஊரைச் சிரிக்க வச்சேன். தப்பு என்மேலம்மா. இப்ப சொல்லு, நான் குறுக்க பேசல."

நிஜமாகவே பேசவில்லை. பள்ளியில் யாரும் பக்கத்தில் உட்காராதது, படித்தது தலையில் நிற்காதது, காலையில் கண் விழிக்கவே பயமாக இருப்பது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்பது நடுவில் அவர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் அறை வாசலில் மகள் அம்மாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். "அப்பா வெளியிலேயே இருக்கட்டும்." நியாயம்தான் என்று பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்தடுத்த வாரங்களிலும் அவருக்கு அதே பெஞ்சுதான்.

கடையில் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. "என்ன, ரேடியோ ரிப்பேரா? பொண்ணு புதுசா ஒண்ணும் சொல்லலையா?" என்று ஒருநாள் கிண்டினார்கள்.

"அவ பேச்சு அவளோடது. இங்க வராது" என்றார்.

நிமிர்ந்தால் வாசலில் மகள், சாப்பாட்டு டப்பாவோடு. எப்போது வந்தாளோ. உள்ளே வந்து அவர் கையிலேயே கொடுத்தாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி, "சாயங்காலம் டாக்டர்கிட்ட நீங்களும் உள்ள வாங்கப்பா" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. தலையை மட்டும் ஆட்டினார்.

"என்ன சொல்லிட்டுப் போறா?" என்று பெஞ்சு கழுத்தை நீட்டியது.

ரேடியோ காது கேட்காதவர்போல மிஷினை ஓடவிட்டார்.