ஐயாதுரையின் பதினோரு வேகத்தடைகள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரைக் கேட்டாலும் அரை மணி என்பார்கள். எங்கள் ஐயாதுரையிடம் கேட்டால் மட்டும் யோசிப்பான். அவனுக்கு ஒரு நாள் முக்கால் மணி ஆகும், ஒரு நாள் மூன்று மணி ஆகும். வண்டி ஒன்றுதான், ரோடு ஒன்றுதான், ஓட்டுகிறவனும் ஒருத்தன்தான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிறவன். பெயர் சிவபாண்டி. எனக்குப் பொறுமை கிடையாது என்று வீட்டில் சொல்வார்கள். அடுப்பின் முன்னால் மணிக்கணக்காகக் கரண்டி போட்டுக் கிளறுவதிலேயே என் பொறுமை முழுக்கச் செலவாகிவிடுகிறது. மனிதர்களுக்கு மிச்சம் இருப்பதில்லை. சோழபுரத்தில் விடியற்காலையில் கறக்கிற பாலைக் கேன்களில் பிடித்து, ராஜபாளையம் வழியாக என் அடுப்புக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஐயாதுரையின் வேலை. முப்பத்தெட்டு வயது. சொந்தமாக ஒரு குட்டியானை வைத்திருக்கிறான், லோடு வண்டியைச் சொல்கிறேன். அதை அவன் துடைக்கிற அழகைப் பார்த்தால் அவன் மனைவி ஞானபாக்கியத்துக்கே பொறாமை வரும். வந்திருக்கிறது, என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

போன வருஷம் பங்குனியில், ஏழு மணிக்கு வரவேண்டிய பால் எட்டரைக்கு வர ஆரம்பித்தது. ஒரு நாள் ஒன்பதரைக்கு வந்தது. வெயிலில் வந்த பாலை அடுப்பில் ஏற்றினேன், வாணலி முழுக்கத் திரிந்துபோயிற்று. எங்கள் கடையின் கொடுக்கல் வாங்கலைப் பார்ப்பவர் என் அண்ணன் மாரிச்சாமி. இன்னும் இரண்டு தடவை இப்படி ஆனால் வேறு வண்டி பார்த்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். ஐயாதுரைக்கு அந்தப் பால் ஓட்டம் ஒன்றுதான் பிழைப்பு. அது போனால் வண்டியை விற்றுவிட்டு மில்லுக்கு வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

என்னதான் செய்கிறான் என்று பார்க்க, மறுநாள் முதல் பஸ்ஸில் சோழபுரம் போய் அவன் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ராஜபாளையம் தாண்டும்வரை ராஜா மாதிரி ஓட்டினான். முதல் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. ஐம்பதடி போனதும் ஓரங்கட்டினான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல?"

கேன் குலுங்கிய சத்தம் என்றேன். அது இல்லையாம், அதற்கு அடுத்த சத்தமாம். வண்டியைத் திருப்பி வேகத்தடையைத் தாண்டிப் போய் நிறுத்தினான். இறங்கி ரோட்டைப் பார்த்தான், ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்தான், வண்டிக்கு அடியில் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். அங்கே படுத்திருந்த நாய் தலையைத் தூக்கி, தெரிந்த ஆள்தான் என்று மறுபடி படுத்துக்கொண்டது. யாரும் அடிபடவில்லை. சரி என்று கிளம்பினோம். ஆனால் திரும்பி வரும்போது அதே வேகத்தடையில் மறுபடி ஏறி இறங்க வேண்டுமே. ஏறினோம், இறங்கினோம், சந்தேகம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இப்படிப் பதினோரு வேகத்தடைகள்.

நாலாவது வேகத்தடையில் நான் கத்திவிட்டேன். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னான்.

"எனக்கு நல்லாத் தெரியும் அண்ணாச்சி, யாரும் விழலைன்னு. ஆனா தெரிஞ்சது பத்த மாட்டேங்குது."

பதினைந்து வருஷமாக ஓட்டுகிறான், ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. எதனால் இது வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. எனக்குக் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்தால் நான் சும்மா இருக்கமாட்டேன், அதுதான் என்னிடம் உள்ள கோளாறு.

அடுத்த வாரமே இரண்டாவது தடவை பால் திரிந்தது. அதற்கு ஒரு சப்-இன்ஸ்பெக்டர் காரணம். வன்னியம்பட்டிப் பக்கம் ஒரே வண்டி மூன்று முறை போய்த் திரும்புவதைப் பார்த்து மறித்திருக்கிறார். என்ன தேடுகிறாய் என்று கேட்டதற்கு, யாரையாவது இடித்துவிட்டேனா என்று பார்ப்பதாக இவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். யாரை இடித்தாய் என்று அவர் பதறியிருக்கிறார். யாரையும் இடிக்கவில்லை சார், அதைத்தான் பார்க்கிறேன் என்றிருக்கிறான். கஞ்சா கடத்துகிறவன்கூட இதைவிடத் தெளிவாகப் பேசுவான் என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு கேனாகத் திறந்து பார்த்து அனுப்புவதற்குள் பத்து மணி ஆகிவிட்டது.

இனி ஒரு தடவைதான் பாக்கி என்று அண்ணன் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு அந்த அபார யோசனை உதித்தது. வேகத்தடைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற டீக்கடை, பஞ்சர் கடை, பூக்கடைக்காரர்களை எல்லாம் சேர்த்து வாட்ஸ்அப்பில் 'பாதை பத்திரம்' என்று ஒரு குழு தொடங்கினேன். வண்டி கடந்ததும் அந்தந்த ஆள் வேகத்தடையைப் போட்டோ எடுத்து, 'யாரும் விழவில்லை' என்று போட்டுவிட வேண்டும். ஐயாதுரை திரும்ப வேண்டியதில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வாரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு, தகவல் வரும்வரை வண்டியை ஓரங்கட்டிக் காத்திருக்க ஆரம்பித்தான். வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பஞ்சர் கடைக்காரர் ஒரு நாள் சோம்பல்பட்டு முந்தின நாள் போட்டோவையே அனுப்ப, நிழல் வேறு பக்கம் விழுகிறது என்று கண்டுபிடித்து ஐந்து கிலோமீட்டர் திரும்பிப் போனான். டீக்கடைக் கருத்தம்மாள் காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூப் படம் போட்டாள். பூ எதற்கு, யாருக்கு மாலை என்று அதற்கும் திரும்பினான். ராத்திரி சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு வேகத்தடைகளைப் பார்ப்பதாக ஞானபாக்கியம் வந்து அழுதாள். சர்ச்சில் ஜெபம் பண்ணியாயிற்று, யாருக்கும் தெரியாமல் கோயிலில் கயிறும் கட்டியாயிற்று என்றாள்.

"கர்த்தரும் பாக்காரு, அம்மனும் பாக்கா. இனி டாக்டரும் பாக்கட்டும் அண்ணாச்சி."

மூன்று பேருமாக மதுரைக்கு ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா ஒரு மணி நேரம் அவனைப் பேசவிட்டுக் கேட்டார். இதற்கு ஓசிடி என்று பெயர், பைத்தியம் இல்லை, நிறையப் பேருக்கு இருக்கிறது என்றார். சந்தேகம் எல்லோருக்கும் வரும், ஒரு தடவை பார்த்ததும் போய்விடும்; இவருக்குப் பார்க்கப் பார்க்க வளரும். திரும்பிப் போவதும், கேட்டுத் தெரிந்துகொள்வதும் அப்போதைக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அந்த ஆறுதல்தான் அடுத்த சந்தேகத்துக்குத் தீனி. மாத்திரை தருகிறேன், வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அதோடு, எப்போதும் போலக் கவனமாக ஓட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அந்தப் பயத்தோடு இருந்து பழக வேண்டும். பயம் ஏறும், பிறகு தானாகவே இறங்கும் என்றார். பிறகு போனை வாங்கி அந்தக் குழுவைப் பார்த்துவிட்டு, இதை நடத்துவது யார் என்று கேட்டார். நான் பெருமையாகக் கையைத் தூக்கினேன்.

"நீங்கதானா? இந்த நோய்க்கு மூணு வேளையும் சாப்பாடு போடுறது நீங்கதான்."

தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இனி அவன் கேட்டால் விழவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது, 'தெரியாது' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது மருத்துவரின் உத்தரவு. அன்றைக்கே குழுவைக் கலைத்தேன். கருத்தம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வண்டி கடந்ததும் கடையிலிருந்தே யாரும் விழவில்லை என்று கூவினாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சிய பிறகு, வண்டி வரும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

முதல் மாதம் மாத்திரை அவனுக்குக் குமட்டியது. ஒரு வேகத்தடையைத் திரும்பாமல் கடக்க இரண்டு வாரம் ஆயிற்று. அப்புறம் இரண்டு, அப்புறம் நாலு. சில நாள் மறுபடி பழையபடி ஆகி அழுதான். புரட்டாசி கடைசியில் பத்தைத் தாண்டிவிட்டான். பதினோராவது மட்டும் முடியவில்லை. அது ஒரு பள்ளிக்கூட வாசலில் இருக்கிறது, பிள்ளைகள் குறுக்கே போகிற இடம். அங்கே ஒரு தடவையாவது திரும்பாமல் அவனால் வர முடியவில்லை.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால், ஆர்டர் குவிந்திருந்தபோது, அவன் வண்டி வழியில் பஞ்சராகி ஏற்கெனவே ஒன்றரை மணி நேரம் தாமதம். நானும் கூட இருந்தேன். இனி ஒரு தடவை திரும்பினாலும் பால் தாங்காது, மூன்றாவது தடவைக் கணக்கு முடிந்துவிடும். அது அவனுக்கும் தெரியும். பள்ளிக்கூட வேகத்தடையில் மெதுவாக, கண்ணாடியைப் பார்த்துத்தான் ஏறி இறங்கினான்.

"அண்ணாச்சி, யாரும் விழலைல்ல?"

"தெரியாதுலே."

"நான் திரும்பலை. நீங்க மட்டும் இறங்கிப் பாத்துட்டு வாங்க. செத்த நேரம்."

மாட்டேன் என்றேன். அவன் கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றியது. இன்னும் இரண்டு தடவை கேட்டான், இரண்டு தடவையும் தெரியாது என்றேன். மீதி இருந்த இரண்டு கிலோமீட்டரையும் நேராக ஓட்டினான். வண்டி திரும்பவில்லை. பாலை இறக்கினோம், அடுப்பில் ஏற்றினேன், பொங்கி வந்தது, திரியவில்லை. அவன் பால்கோவாப் பட்டறை வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயம் இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கரண்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தேன். கால் மணி போயிருக்கும். அந்த வேகத்தடையில் நிஜமாகவே ஏதோ ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கேன் சத்தம்தான். கேன் சத்தம்தானா? தெரியாது, தெரியாது என்று அத்தனை தடவை சொன்னேனே, எனக்கு மட்டும் தெரியுமா? சின்னப் பிள்ளைகள் போகிற இடம். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பால் கொதிக்கும்போது கரண்டியை வேறு ஆள் கையில் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக ஸ்கூட்டரை எடுத்தேன். வேகத்தடையைப் பார்த்தேன். பள்ளத்தில் இறங்கியும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. யாரைத் தேடுகிறீர்கள் என்று ஒரு வாத்தியார் கேட்டார், யாரையும் தேடவில்லை சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஐயாதுரை படியிலேயே இருந்தான், முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. என் வேட்டி ஓரத்தைப் பார்த்தான். நாயுருவி முள் வரிசையாக ஒட்டியிருந்தது. அந்தப் பள்ளத்தில் மாதக்கணக்காக இறங்கி ஏறியவனுக்கு அது எங்கே ஒட்டும் என்று தெரியாதா? என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்கு வாய் துடித்தது. யாரும் விழவில்லை என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், அவன் முகத்தில் விளக்கேற்றிவிடலாம். வாயைத் திறந்தும்விட்டேன்.

அவன் எழுந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லிராதீங்க அண்ணாச்சி."

நான் சொல்லவில்லை. அவன் காலிக் கேன்களை ஏற்றிக்கொண்டு, அதே ரோட்டில், அதே பதினோரு வேகத்தடை வழியாக வீட்டுக்குப் புறப்பட்டான்.