தீப்பெட்டி திருப்பிப் போட்ட கண்ணாடி

எங்கள் தெருவில் ஜன்னல் கண்ணாடி மாட்டுகிற ஒருவர் இருக்கிறார். பீடி, சிகரெட் கிடையாது. ஆனால் சட்டைப்பையில் எப்போதும் தீப்பெட்டி. அதனால் பேரே தீப்பெட்டி. நான் லேசில் யாரையும் புகழமாட்டேன். செத்துப்போன என் புருஷனைக்கூடப் புகழ்ந்ததில்லை. இவரைப் புகழ்கிறேன்.

என் அறை ஜன்னல் மேற்கே பார்த்தது. மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே இருந்தால் வெந்துபோவேன். போன கோடையில் மயங்கி விழுந்தேன். மகன் முடிவு பண்ணிவிட்டான்.

"ஜன்னலச் செங்கல் வச்சு அடைச்சிடலாம்மா. திங்கக்கிழம கொத்தனார் வர்றாரு."

"என்னையும் உள்ள வச்சுப் பூசிடு."

முழங்கால் போனபிறகு தெருவை நான் பார்ப்பது அது வழியாகத்தான். யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் எனக்கு வேறெப்படித் தெரியும்?

தீப்பெட்டியைக் கூப்பிட்டேன். கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னேன்.

"வேணாங்க்கா. கறுப்பு வெயில உறிஞ்சிக்கிட்டு அதுவே அடுப்பாயிடும்."

இரட்டைக் கண்ணாடி கொண்டுவந்தார். நடுவே காற்று அடைத்தது. தெருப்பக்கம் இருக்கவேண்டிய கண்ணாடியின் உள்முகத்தில் கண்ணுக்குத் தெரியாத பூச்சு. வெளிச்சம் வரும், வெயிலின் சூடு பெரும்பாலும் வந்த வழியே திரும்பிவிடுமாம். சட்டத்தைச் சுற்றியிருந்த இடுக்குகளையும் அடைத்தார். நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவர் மாட்டிக்கொண்டே இருந்தார். அது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கண்ணாடியின் உள்பக்கம் கை வைத்தேன். சுட்டது. மகன் சிரித்தான்.

"நல்லா ஏமாந்தியா?"

வேறொருவர் என்றால் போனையே எடுத்திருக்கமாட்டார். இவர் ஞாயிறு காலையிலேயே வந்து நின்றார். தீக்குச்சியைக் கொளுத்திக் கண்ணாடி முன்னால் பிடித்தார். கண்ணாடியில் நான்கு சுடர் தெரிந்தது, இரண்டு கண்ணாடிக்கும் முன்னும் பின்னுமாக முகத்துக்கு ஒன்று. மூன்று மஞ்சள், ஒன்று மட்டும் சிவப்பு.

"இங்கேருந்து எண்ணினா மூணாவது சிவக்கணும். ரெண்டாவது சிவக்குது. பூச்சு இந்தப் பக்கம் வந்திருச்சு. திருப்பிப் போட்டுட்டேங்க்கா."

"குச்சி கொளுத்திப் பாத்துத்தானே மாட்டுவ?"

"கொளுத்தப் போனேன். நீங்க எதிர்வீட்டுக் கதைய ஆரம்பிச்சீங்க."

"பழிய என் தலையில போடு!"

"இல்லக்கா. வேலைய விட்டுட்டுக் கேட்டது நான்தானே. தப்பு என்னோடது."

மகன் காதுபடவே சொன்னார். இத்தனை வயசில் ஓர் ஆண்பிள்ளை வாயிலிருந்து இதைக் கேட்டது எனக்கு இரண்டாவது தடவை. முதல் தடவை யார் என்று சொல்லமாட்டேன்.

அத்தனையையும் கழற்றி, திருப்பி மாட்டினார். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. பெரிய தண்டனைதான்.

திங்கள் மத்தியானம் கொத்தனார் கரண்டியோடு வந்தார். மூன்று மணி. உள்பக்கம் கை வைத்துப் பார்த்தார்.

"இத எதுக்கு அடைக்கணும்? அந்தாளு நம்பரக் குடுங்க, என் வீட்டுக்கும் மேக்கதான் ஜன்னல்."

மகன் வாங்கிப் போட்ட செங்கலில் இரண்டை ஜன்னலடியில் வைத்திருக்கிறேன். கால் நீட்டிக்கொண்டு தெருவைப் பார்க்கத் தோதாக இருக்கிறது.